ஆட்சிமொழி பற்றி மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?

"எந்த மொழி ஆட்சிமொழியாக வேண்டும்?" என்று நேரடியாகக் கேட்டால் மேடைப் பேச்சுதான் பதிலாக வரும். கருத்துக்கணிப்புப் படிவம் தயாரிக்கும்போது அந்தக் கேள்வியை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.

முதலில் காரியம் காரியமாகப் பிரித்துக் கேளுங்கள். நீதிமன்றத் தீர்ப்பு எந்த மொழியில் வேண்டும், போலீஸ் புகார் எதில் எழுதுவீர்கள், பிள்ளை எதில் படிக்க வேண்டும், அரசு வேலைத் தேர்வு எதில்? ஒரே ஆள் நாலுக்கும் நாலு பதில் சொல்வார். முரண்பாடு என்று திருத்தாதீர்கள். நமக்கு வேண்டிய தகவலே அதுதான். தாய்மொழிக்குக் கொடி பிடிப்பவரே பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதும் உண்டு.

வேலைத் தேர்வுக் கேள்வியை மட்டும் விட்டுவிடவே கூடாது. இலங்கையில் 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது தமிழ் அரசு ஊழியர்களின் பிழைப்பே ஆட்டம் கண்டது. 1965-இல் சென்னை மாநில மாணவர்கள் இந்தியை எதிர்த்துத் தெருவில் இறங்கியதற்கு, மத்திய அரசு வேலை கைநழுவும் என்ற பயமும் ஒரு காரணம்.

ஆங்கிலமோ பிரெஞ்சோ நீடிக்கட்டும் என்பவரை 'காலனி மோகம்' என்று ஒதுக்காமல் ஏன் என்று கேளுங்கள். அது எந்த இனத்துக்கும் சொந்தமில்லை, அதனால் யாருக்கும் கூடுதல் லாபமில்லை என்று கணக்குச் சொல்வார்கள். (எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. படிக்க வசதியுள்ளவருக்கு லாபம்தானே?) தான்சானியாவில் சுவாஹிலி எளிதாக ஏற்கப்பட்டதற்கும் இந்தப் பொதுத்தன்மை கைகொடுத்தது.

அப்புறம், கேள்வி கேட்பவரின் தாய்மொழியையும் படிவத்தில் குறியுங்கள். எதிரே இருப்பவர் யார் என்று பார்த்துத்தான் பலர் பதில் சொல்கிறார்கள்.