எல்லா லாஜிக்கல் ப்ராசஸரும் ஓடுகிறதா? முதலில் பாருங்கள், அப்புறம் கை வையுங்கள்

விண்டோஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்று அமைக்கும் எம்எஸ்கான்ஃபிக்கில் ப்ராசஸர் எண்ணிக்கையை 8 ஆக்கினால் கம்ப்யூட்டர் பறக்கும் என்று வீடியோவில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிற எல்லா லாஜிக்கல் ப்ராசஸரையும், அதாவது சிப்பில் தனித்தனியாக வேலை வாங்கக்கூடியவை என்று விண்டோஸ் எண்ணுகிற எல்லாவற்றையும், அது தானாகவே எடுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டி ஒரு கடிவாளம், அவ்வளவுதான். குறைவான ப்ராசஸரில் ஓட்டிச் சோதித்துப் பார்க்கிறவர்களுக்காக வைத்தது.

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியூ. கீழே கோர் (சிப்புக்குள் உண்மையிலேயே இருக்கும் கணக்கிடும் பகுதி) எத்தனை, லாஜிக்கல் ப்ராசஸர் எத்தனை என்று இருக்கும். ஐ5-6500 என்றால் 4, 4 என்றுதான் காட்டும், அது சரி, அந்தச் சிப்பில் ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் த்ரெடிங்கே கிடையாது. ஐ7-6700 என்றால் 4, 8 வர வேண்டும். ஐ7-12700-இல் 12, 20 என்று வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், 8 பெரிய கோருக்கு மட்டும்தான் இரட்டை, சின்ன கோர் நாலும் ஒற்றை.

உங்கள் சிப்புக்கு வர வேண்டியதைவிட எண்ணிக்கை குறைகிறதா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கின மெஷின் என்றால் முன்னால் வைத்திருந்தவர் என்னென்ன நோண்டினாரோ, யாருக்குத் தெரியும். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் என்று அடித்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போங்கள். 'நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதிகபட்ச எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், டிக்கையே எடுங்கள். பக்கத்தில் இருக்கும் 'மேக்ஸிமம் மெமரி'யும் டிக் ஆகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், விண்டோஸுக்குக் கிடைக்கும் ரேமைக் குறைப்பது அதுதான்.

அப்படியும் வரவில்லை என்றால் பயாஸ்தான், விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு செட்டிங். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 தட்டிக்கொண்டே இருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி கீ மாறும். இன்டெல்லில் 'ஹைப்பர் த்ரெடிங்', ஏஎம்டியில் அதே வசதி 'எஸ்எம்டி' என்று இருக்கும், எனேபிள் செய்து சேவ் பண்ணி வெளியே வாருங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயை முன்னாடியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பயாஸில் கை வைத்தபின் சில சமயம் அது கேட்கும்.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து எல்எஸ்சிபியூ அடித்தாலே போதும், ஒரு கோருக்கு எத்தனை த்ரெட் என்பது வரை சொல்லிவிடும். குறைந்தால் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் வரியில், ப்ராசஸரைக் கட்டுப்படுத்தும் 'நோஎஸ்எம்டி' அல்லது 'மேக்ஸ்சிபியூஸ்' எட்டிப்பார்க்கிறதா என்று தேடுங்கள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் கதை வேறு, அங்கே நீங்கள் ஒதுக்கிக் கொடுத்தால்தான் உள்ளே தெரியும், இருக்கிற மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், வெளியே இருக்கும் விண்டோஸ் திணறும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் மெஷின் ஆமை மாதிரி நகர்ந்தால், அதே டாஸ்க் மேனேஜர் பக்கத்தில் வேகத்தைக் கவனியுங்கள். சிபியூ 100 சதவீதம் ஓடும்போது அது பேஸ் ஸ்பீடுக்கும் (அங்கேயே காட்டும் அடிப்படை வேகம்) கீழே இறங்கினால் பெரும்பாலும் சூடுதான் காரணம், மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறையில் கேட்கவே வேண்டாம். மூடியைத் திறந்து, சிபியூ சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி படிந்திருக்கும் தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.