அமெரிக்கச் சிறு கல்லூரிக்கு விண்ணப்பம்: நம் வீட்டு வருமானத்தைப் படிவத்தில் எழுதுவது எப்படி?

என் தம்பிக்காக 2024 ஆகஸ்ட் தொடங்கி 2025 மார்ச் வரை இந்த வேலையைக் கூடவே இருந்து செய்தேன். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவன். அப்பாவுக்குக் கும்பகோணம் பக்கம் இரண்டு ஏக்கர் நஞ்சை, ஒரு சின்ன உரக்கடை. தம்பி இப்போது அமெரிக்காவில், அறிவியலும் கலையும் கலந்து படிக்க விடும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். செலவில் பெரும்பகுதி கல்லூரி தரும் உதவித்தொகை. கட்டுரை எழுதுவது பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. பணப் படிவத்தைப் பற்றித் தமிழில் சொல்ல ஆள் கிடைக்காமல் நாங்கள் திண்டாடியதால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரிப் பட்டியல்

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பெரும்பாலும் இரண்டாயிரம் பேர் அளவில் படிக்கும் சிறு கல்லூரிகள். இளங்கலைதான் பிரதானம். எதில் பட்டம் வாங்குவது என்பதை இரண்டாம் ஆண்டு முடிவில் சொன்னால் போதும். கிரின்னெல் கல்லூரியில் எல்லோருக்கும் கட்டாயமான பாடம் முதல் பருவத்து வகுப்பு ஒன்றே ஒன்று. தம்பி வேதியியலும் இசையும் சேர்த்துப் படிக்கிறான், ஒரு வகுப்பில் மொத்தம் பதினான்கு பேர்.

பணம் கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆம்ஹெர்ஸ்ட், பௌடின் போன்ற மிகச் சில கல்லூரிகளே வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் இடம் தருகின்றன. மற்ற பல இடங்களில் நீங்கள் எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதும் முடிவில் சேரும். அதற்காகப் பயந்து கேட்காமல் விடாதீர்கள். சேரும்போது கேட்காதவர் பிற்பாடு கேட்க முடியாது என்பது பல கல்லூரிகளின் விதி. கிரின்னெல், கார்ல்டன், கோல்பி மூன்றுக்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை, அங்கிருந்து தொடங்கலாம்.

காமன் ஆப்

பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்ப உதவும் இணையதளம் இது. ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். கட்டுரை 650 சொல்லுக்குள், செயல்பாடுகள் பத்து, ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்து. இதெல்லாம் பார்த்தாலே புரியும். ‘கவுன்சிலர்’ (மாணவனைப் பற்றிப் பள்ளி சார்பில் எழுதும் வழிகாட்டி) என்ற இடத்தில்தான் பலரும் நிற்கிறார்கள். நம் பள்ளியில் அப்படி ஒருவர் இல்லையென்றால் தலைமையாசிரியரின் மின்னஞ்சலைக் கொடுங்கள். கொடுத்த அன்றே நேரில் போய், ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தலைமையாசிரியருக்குக் காமன் ஆப்பிலிருந்து வந்த மின்னஞ்சல் அங்கே பதினோரு நாள் கிடந்தது. மதிப்பெண் 600-க்கு, பொதுத்தேர்வை நடத்துவது அரசு என்பதையெல்லாம் பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பில் அவரையே எழுதச் சொல்லுங்கள்.

ஆங்கிலத் தேர்வுகளில் நான் சொல்வது டுவோலிங்கோ. ஐஇஎல்டிஎஸ்ஸைவிடச் செலவு குறைவு, வீட்டிலிருந்தே எழுதலாம். கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.

சி.எஸ்.எஸ். புரொஃபைல்

உதவித்தொகை கேட்பவர்கள் குடும்ப வருமானத்தையும் சொத்தையும் கல்லூரிகளுக்குக் காட்ட இணையத்தில் நிரப்பும் படிவம் இது. அக்டோபர் 1 அன்று திறக்கும் இந்தப் படிவத்தில்தான் நாங்கள் தடுக்கி விழுந்தோம். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதிக் கட்டண விலக்கு உண்டா என்று கேளுங்கள். எங்களுக்கு இரண்டு இடத்தில் கிடைத்தது.

கைபேசியில் நிரப்ப வேண்டாம். முதலில் ஒரு நோட்டில் எல்லாத் தொகையையும் எழுதுங்கள். எக்செலைவிட நோட்டு நல்லது என்பேன், அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்த முடியும். தொகையெல்லாம் ரூபாயிலேயே போடலாம், தொடக்கத்தில் நாணயத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது ஆண்டுச் சிக்கல். 2025-இல் சேருபவனிடம் 2023-இன் வருமானத்தைக் கேட்டார்கள். அவர்கள் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, நம் வருமான வரிக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஒன்பது மாதம் 2023-இல் விழுவதால் நாங்கள் 2023-24 கணக்கைப் போட்டோம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதைக் கடைசியில் வரும் ‘சிறப்புச் சூழல்’ பெட்டியில் எழுதினோம்.

எங்கள் தவறு இதற்கு அப்புறம்தான். விவசாய வருமானத்துக்கு இங்கே வரி கிடையாது, அதனால் வரிக் கணக்கில் கடை வருமானம் மட்டுமே பளிச்சென்று தெரிந்தது. அதை மட்டும் போட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு கல்லூரியிலிருந்து கேள்வி வந்தது: குடும்பச் செலவு வருமானத்தைவிட அதிகமாக இருக்கிறதே, மீதி எங்கிருந்து வருகிறது? தம்பி அன்று இரவு சாப்பிடவில்லை. மறைத்ததாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம். மறுநாள் நெல் கொள்முதல் நிலைய ரசீதுகளை எடுத்துவைத்துக் குறுவைக்கு எவ்வளவு, சம்பாவுக்கு எவ்வளவு, உரம், ஆள் கூலி, அறுவடை வண்டி வாடகை போக மிச்சம் எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி அப்பாவின் கையெழுத்தோடு அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் இதை முதலிலேயே செய்யுங்கள்: வரியில்லா வருமானத்தைக் கேட்கும் இடத்தில் நிகரத் தொகை, பெட்டியில் இரண்டு வரி விளக்கம். வீட்டுச் சாப்பாட்டுக்கு நிறுத்திவைக்கும் நெல்லையும் சொல்லிவிடுங்கள், மளிகைச் செலவு ஏன் இவ்வளவு குறைவு என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரியும்.

சிட்டா, ரசீது என்று தமிழில் இருப்பவற்றோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டும்.

பின்னால் சேர்த்தது: கூட்டுப் பட்டா பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அண்ணன் தம்பி நான்கு பேர் பெயரில் நிலம் இருந்தால் உங்கள் பெற்றோரின் பங்கை மட்டும் போடுங்கள், பாகம் பிரியவில்லை என்பதைப் பெட்டியில் எழுதுங்கள். தாத்தா உயிரோடு இருந்து வீடு அவர் பெயரில் இருந்தால் அது பெற்றோரின் சொத்து அல்ல. வாடகை இல்லாமல் குடியிருக்கிறோம் என்று ஒரு வரி போதும்.

இன்னொன்று: எர்லி டிசிஷன் (ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) போடலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய ஒப்பந்தம் அது. உதவித்தொகை போதவில்லை என்றால் விலக அனுமதிப்பார்கள். ஆனால் அதன் கடைசி நாள் நவம்பரிலேயே வந்துவிடும், பணப் படிவமும் ஏறக்குறைய அதே சமயம் போக வேண்டும். தங்கச்சி, செப்டம்பரிலேயே ரசீதுகளைத் தேடி எடுத்து வைத்துக்கொள்.