நரம்பியல் பன்மையினர் குழு: தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனச்சிதறல், மிகை இயக்கம்), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) என மூளை இயங்கும் விதம் பெரும்பான்மையோரிடமிருந்து வேறுபட்ட பெரியவர்கள், அதாவது நரம்பியல் பன்மையினர், தமக்குள் கூடிப் பழகுவதற்குக் குழு தொடங்க இப்போது சிலர் முன்வருகிறார்கள். முன்பு நடந்த தவறுகளே அவர்களிடமும் திரும்ப நடப்பதைப் பார்த்து இதை எழுதுகிறேன். அறிவிப்பைத் தாமதமாக அனுப்புவது போன்றவற்றை அவரவரே திருத்திக்கொள்வார்கள்.

பெற்றோரிடம் மேடையைக் கொடுத்துவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு, ஓசூர் ஆலையொன்றில் வேலை செய்யும் இளைஞர், தன்னைப் போன்ற இன்னொருவரைச் சந்திக்க வேண்டும் என்பதற்காகவே விடுப்பு எடுத்து வந்திருந்தார். பேச அழைக்கப்பட்டவரோ அவருடைய தாயார். மகன் சிறு வயதில் பேசாதிருந்ததையும், உறவினர் சொன்ன சொற்களையும் அந்த அம்மா கண்ணீரோடு சொல்ல, அவையும் உருகிக் கேட்டது. மகன் பாதியில் எழுந்து பேருந்து நிலையத்துக்குப் போனார். பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

அந்தத் தாயின் துயரம் உண்மையானது. அதைக் கேட்கப் பெற்றோருக்குத் தனிக் கூட்டம் அவசியம் வேண்டும். ஆனால் தான் இருக்கும் இடத்திலேயே தன்னைக் கேளாமல் தன் கதை சொல்லப்பட்டால், யாருக்கும் அங்கே நட்பு அரும்பாது. அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் முதலானோர் 1992-இல் தனி அமைப்பு தொடங்கி, 1996-இல் ஆட்டிசம் உள்ளவர்களே திட்டமிட்ட முகாமை நடத்தினார்கள். பெற்றோரும் நிபுணர்களும் நடத்திய மாநாடுகளில் கிடைக்காத சுதந்திரம் அங்கே அவர்களுக்குக் கிடைத்தது. அந்த வட்டத்தில் தோன்றிய வண்ண அட்டை முறையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்: சிவப்பு அணிந்தவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, மஞ்சள் அணிந்தவரிடம் அறிமுகமானவர்கள் மட்டும் பேசலாம், பச்சை அணிந்தவர் பேச விரும்புகிறார், நாம்தான் தொடங்க வேண்டும்.

ஒலிபெருக்கி

உரத்த ஒலி நம்மில் பலருக்குத் தாங்காது. வேண்டவே வேண்டாம்.

எல்லோரையும் எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வது

விரும்பியவர் சொல்லட்டும், எழுதிக் காட்டினாலும் போதும்.

சான்றிதழ் கேட்பது

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ம் உண்டு. ஏடிஹெச்டி தனி வகையாக இல்லை. ஆகவே அடையாள அட்டையைக் காட்டினால்தான் சேர்ப்போம் என்றால், ஏடிஹெச்டி மட்டும் உள்ளவர் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும். பென்னாகரத்திலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ, பரிசோதனைக்கே இதுவரை போகாத ஒருவர் பேருந்து ஏறி வந்தால், முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள். சான்று வேண்டுமென்று அவரே கேட்டால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள்.