கடல் பனிக்கும் ஒரு பெயர்ச்சீட்டு: துருவக் கடலின் உணவு வலையைப் பிள்ளைகளுக்குக் காட்டும் முறை

துருவக் கடலைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது பனிக்கரடியில் தொடங்காதீர்கள். கரடியில் தொடங்கினால் பிள்ளைகள் கரடிக்காகப் பரிதாபப்பட்டுவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் தொடங்குங்கள். அங்கேதான் சாப்பாடு விளைகிறது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் அந்நியம் இல்லை. தொண்டியிலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரையேறும் மீன்தான் வீட்டுக் குழம்பில் கொதிக்கிறது. ஆனால் உறைந்த கடலை அவர்கள் நினைத்துப் பார்த்ததே கிடையாது. வழக்கமாக நாம் வரையும் உணவு வலைப் படத்தில் பாசி, கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர், பெங்குயின், சீல், திமிங்கலம் எல்லாம் இருக்கும். பனிக்கட்டி மட்டும் இருக்காது. அதை யாரும் தின்பதில்லை அல்லவா, அதனால் அம்புக்குறியும் கிடையாது. இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் கீழே சொல்லும் முறை. ஃப்ரீசர் உள்ள ஒரு வீடும், விசாலமான ஒரு தரையும் இருந்தால் போதும்.

முதல் நாள் மாலையே ஐஸ் வைத்துவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். கடல் நீரின் உப்பளவு ஏறக்குறைய அதுதான். கல் உப்பானால் பொடித்துக்கொள்ளலாம். ஒரு சதுரமான பிளாஸ்டிக் டப்பாவில் இதை ஊற்றி, டப்பாவின் நான்கு பக்கமும் அடியும் தெர்மாகோலால் மூடுங்கள். மேல்பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். கடல் மேலிருந்துதான் உறைகிறது, குளிர் அங்கிருந்து மட்டுமே இறங்க வேண்டும். இதேபோல இன்னொரு டப்பாவில் வெறும் குடிதண்ணீர். மேலே இரண்டு விரல் கனம் உறைந்து, கீழே இன்னும் தண்ணீராக இருக்கும் நேரத்தில் எடுப்பதுதான் பக்குவம். உப்புத் தண்ணீர் உறையத் தாமதமாகும், ஏனென்றால் கடல் நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் செய்தால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் எங்கள் ஊர் வெயில் ஐஸை விட்டுவைக்காது.

இரண்டு பாளங்களையும் வெளியே எடுத்து, சுத்தமான தட்டுகளில் வைத்து, மேலே நீல நிற ஃபுட் கலரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். குடிதண்ணீர் ஐஸில் நிறம் மேலேயே வழிந்து ஓடும். உப்புத் தண்ணீர் ஐஸிலோ உள்ளே கசிந்து இறங்கும், நூல் நூலாக. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பிள்ளைகள் குனிந்து பார்க்கட்டும், விரலால் அழுத்தட்டும், எது சீக்கிரம் நொறுங்குகிறது என்று அவர்களே சொல்லட்டும். தண்ணீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்ட உப்புநீர் கட்டிக்குள் நுண்ணிய குழாய்களாகத் தங்கிவிடுகிறது. அந்தக் குழாய்களில்தான் டயட்டம் என்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. துருவத்தில் ஒரு கட்டியைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் பழுப்பாக இருக்கும். அது அழுக்கு இல்லை, அத்தனையும் உயிர். மேலே பனித்தூள் மூடியிருந்தால் அடியில் வந்துசேரும் வெளிச்சம் சில இடங்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டே இந்தப் பாசி வளர்கிறது. வடதுருவத்தில் மெலோசிரா ஆர்க்டிகா என்ற பாசி கட்டியின் அடியில் இருந்து மீட்டர் கணக்கில் சடையாகத் தொங்கும். 2012இல் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பலில் போனவர்கள், 4,000 மீட்டருக்கும் ஆழமான கடல்தரையில் இந்தப் பாசி திட்டுத்திட்டாக விழுந்து கிடந்ததையும், கடல் அட்டைகள் அதைத் தின்றுகொண்டிருந்ததையும் படமெடுத்தார்கள். கடல் அட்டை என்றதும் பாக் நீரிணைப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ள பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நிமிடத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒரு சின்னச் சோதனை. உயரமான கண்ணாடி டம்ளரில் பாதிவரை உப்புத் தண்ணீர். குடிதண்ணீர் ஐஸ் உருகிய நீரில் நிறம் கலந்து, கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிட்டு மேலே ஊற்றுங்கள். கலக்காமல் மேலே தனி அடுக்காக நிற்கும். வசந்தத்தில் கடல் பனி உருகும்போது நடப்பதும் இதேதான். உப்புக் குறைந்த அந்த மெல்லிய மேலடுக்கில் மிதவைப் பாசிகள் ஆழத்துக்கு இழுபடாமல் வெளிச்சத்திலேயே நின்று பெருகுகின்றன. பனி விளிம்பை ஒட்டிப் பச்சை படர்வதைச் செயற்கைக்கோள் படத்திலேயே பார்க்கலாம். ஆகவே விளைச்சல் இரண்டு தடவை: முதலில் கட்டிக்குள், அப்புறம் கட்டி விலகிய தண்ணீரில்.

இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் எனக்கு இந்தப் பாடத்தின் உயிர். வடதுருவக் கடலோரங்களில் காலனஸ் கிளேசியாலிஸ் என்று அரிசி அளவுகூட இல்லாத ஒரு ஓட்டுயிர் இருக்கிறது. தாய் பனிப்பாசியைத் தின்று முட்டையிடுகிறது. குஞ்சு வளர்ந்து வாய் திறக்கும் வேளைக்கு மிதவைப் பாசி பொங்க வேண்டும். எங்கள் சீமை வானம் பார்த்த பூமி. புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு மழை முந்தினாலும் நட்டம், பிந்தினாலும் நட்டம். பனி முன்கூட்டியே உருகினால் காலனஸுக்கும் அதே கதிதான். அதன் உடம்பு முழுக்கக் கொழுப்பு. போலார் காட் என்ற சிறுமீனுக்கு அதுதான் முக்கியமான இரை, அந்த மீனைத்தான் வளையச் சீல் தேடுகிறது, சீலைக் கரடி. கரடி இப்போது வரட்டும். அதன் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு இப்போது தெரியும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். இதற்கு நான் தென்துருவத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டின் பாரதி நிலையம் 2012 முதல் அங்கே லார்ஸ்மன் குன்றுகளில், கடலோரமாகவே இயங்குகிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு ஒட்டுதல் வரும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவும் நடுவே முற்றமும் இருப்பது இதற்கென்றே கட்டியதுபோல அமைந்துவிடுகிறது; கேட்டால் பெரியவர்கள் மறுக்காமல் இடம் கொடுப்பார்கள். இல்லையென்றால் பள்ளி வராந்தாவே போதும். நடுவில் ஒரு எட்டு முழ வெள்ளை வேட்டியை விரியுங்கள். அது கடல் பனி. பிள்ளைகள் சுற்றிலும் நிற்கட்டும், ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பெயர்ச்சீட்டு: பனிப்பாசி, மிதவைப் பாசி, கிரில் குஞ்சு, பெரிய கிரில், வெள்ளிமீன், அடேலி பெங்குயின், எம்பரர் பெங்குயின், நண்டுண்ணிச் சீல், வெட்டல் சீல், சிறுத்தைச் சீல், ஓர்கா, நீலத் திமிங்கலம், சால்ப் (ஜெல்லிபோல மிதக்கும் உயிர்), கடல்தரைப் பஞ்சுயிர் (ஸ்பாஞ்ச்). ஒரு பிள்ளைக்குக் கட்டாயம் ‘கடல் பனி’ என்ற சீட்டைக் கொடுத்து வேட்டியின் மேல் நிறுத்துங்கள்.

நூல் இரண்டு நிறத்தில் வேண்டும். பச்சை நூல் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதற்கு. சிவப்பு நூல் யாருக்கு எது இருக்க இடம் என்பதற்கு. முதலில் பச்சையை மட்டும் கட்டுங்கள். நண்டுண்ணிச் சீல் பெயருக்குத்தான் நண்டுண்ணி, அது பிடித்துத் தின்பது கிரிலை. கிரிலை வடிகட்டுவதற்கென்றே அதன் பல் இடுக்கு இடுக்காக அமைந்திருக்கிறது. பச்சை முடிந்ததும் கடல் பனிச் சீட்டு வைத்திருக்கும் பிள்ளை கையில் ஒரு நூலும் இல்லாமல் தனியாக நிற்கும். “டீச்சர், நான் எதுக்கு நிக்கிறேன்?” என்று யாராவது கேட்பார்கள். கேட்கும்வரை காத்திருங்கள்.

அப்போது சிவப்பு நூலை எடுங்கள். பனிப்பாசிக்கு ஒன்று. கிரில் குஞ்சுக்கு ஒன்று: முதல் குளிர்காலத்தில் அது கட்டியின் அடிப்பக்கப் பாசியைச் சுரண்டித் தின்றுதான் பிழைக்கிறது. பெரிய கிரில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உடம்பைச் சுருக்கிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். குஞ்சுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. வெள்ளிமீனுக்கு ஒன்று, அதன் முட்டைகள் டெரா நோவா விரிகுடாவில் பனிக்கட்டியின் அடியில்தான் பொரிகின்றன. வெட்டல் சீலுக்கு ஒன்று. மூச்சுவிடும் ஓட்டையைப் பல்லால் தேய்த்துத் திறந்து வைத்துக்கொண்டு, பனியின் மேல் குட்டி போடுகிறது. எம்பரர் பெங்குயினுக்கு ஒன்று, இதைச் சற்றுத் தடித்த நூலாகவே கட்டுங்கள். கரையோடு ஒட்டி நிற்கும் பனியின் மேல்தான் அது குளிர்காலம் முழுக்க முட்டையை அடைகாத்துக் குஞ்சை வளர்க்கிறது. கடைசியில் பார்த்தால் கடல் பனிப் பிள்ளையின் கையில்தான் சிவப்பு நூல் நிறைந்திருக்கும்.

இனி வேட்டியை மடியுங்கள். தென்துருவக் கடல் பனி செப்டம்பரில் சராசரியாக ஒரு கோடியே 85 லட்சம் சதுர கிலோமீட்டர் விரிந்து, பிப்ரவரியில் சுமார் 30 லட்சத்துக்குச் சுருங்குகிறது. வேட்டியை ஆறில் ஒரு பங்காக மடித்தால் கணக்குச் சரி. இது வருடாவருடம் நடப்பது, இதில் கெடுதல் இல்லை என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு மடிப்பை முன்கூட்டியே மடியுங்கள். 2022இல் பெல்லிங்ஸ்ஹாசன் கடலோரத்தில் அதுதான் நடந்தது. குஞ்சுகளுக்குத் தண்ணீர் ஒட்டாத இறகு முளைக்கும் முன்பே காலடியில் இருந்த பனி உடைந்து போனது. கண்காணிப்பில் இருந்த ஐந்து எம்பரர் குடியிருப்புகளில் நான்கில் அந்த வருடம் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை என்றே செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இதைச் சொல்லும்போது வளவு அமைதியாகிவிடும். எம்பரர் பிள்ளையின் சிவப்பு நூலைக் கத்தரியுங்கள், ஆனால் பச்சை நூல்கள் அப்படியே இருப்பதைக் காட்டுங்கள். கடலில் இரை இருந்தும் குடும்பம் அழிந்தது.

இதோடு விட்டால் பாடம் பாதிதான். பனி குறைந்தால் எல்லாம் செத்துவிடும் என்று பிள்ளைகள் முடிவுகட்டக் கூடாது. வடதுருவப் பெருங்கடலில் 1998க்கும் 2018க்கும் இடையே மிதவைப் பாசிகளின் உற்பத்தி 57 சதவீதம் கூடியிருக்கிறது. அன்டார்க்டிக் தீபகற்பத்தின் பால்மர் நிலையம் அருகே அடேலி பெங்குயின்கள் 1970களில் இருந்த எண்ணிக்கையில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன; பனியை அவ்வளவாக நம்பியிராத ஜென்டூ பெங்குயின்கள் அதே இடத்தில் குடியேறிப் பெருகுகின்றன. கிரில் குறையும் தண்ணீரில் சால்ப் பெருகுகிறது, ஆனால் அதில் சத்து சொற்பம். கரையோரக் கடல்தரையில் பனி மூடி இருட்டாக இருந்த இடத்தில் வெளிச்சம் நீண்டால் கடற்பாசி படர்ந்து பஞ்சுயிர்களை நெருக்கித் தள்ளும். ஆகவே ஒரு நூலை வெட்டும்போதெல்லாம் இன்னொரு இடத்தில் ஒரு நூலைக் கட்டச் சொல்லுங்கள். பழைய வலையும் புதிய வலையும் ஒன்றில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

விளையாட்டு முடிந்த பிறகு வீட்டுப்பாடமாக ஒரு வரைபடம் கொடுங்கள். அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள தேசியப் பனித் தரவு மையம் இரு துருவங்களின் கடல் பனி வரைபடத்தையும் தினமும் இலவசமாக வெளியிடுகிறது. கடலில் 15 சதவீதமாவது பனி மூடியிருக்கும் இடத்தைத்தான் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கெட்டிப் பனி என்று நினைத்துவிடுவார்கள். மாதப் பிறப்பன்று ஒரு எண்ணைக் குறித்து கிராஃப் தாளில் புள்ளி வைக்கட்டும். ஒப்பிட ஒரு கோடு தேவையானால், 2023 பிப்ரவரியில் தென்துருவப் பனி 17.9 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியதைச் சிவப்பில் போட்டுக்கொள்ளலாம். 1979 முதல் தொடர்ந்து எடுக்கப்படும் கணக்கில் அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுச் சமயத்தில் தென்துருவக் கோடு உச்சியில் நிற்கும், வடதுருவக் கோடு அடியில் கிடக்கும்.