சுக்கானுக்கு அலுமினியப் பூச்சு: ஸ்ப்ரே கன்னை எடுப்பதற்கு முன்னும் பின்னும்

தொண்டிப் பக்கத்து விசைப்படகின் சுக்கானோ வின்ச் சட்டமோ செதில் செதிலாகத் துருவேறி காரைக்குடிப் பட்டறைக்கு வந்தால், மறுபடி பெயிண்ட் அடித்து அனுப்பாதீர்கள். ஆர்க் ஸ்ப்ரேயில், அதாவது மின்பொறியில் கம்பியை உருக்கிக் காற்றால் தெளிக்கும் முறையில், அலுமினியம் பூசுங்கள். பெயிண்ட் கீறினால் அந்த இடத்தில் துரு உள்ளே புகுந்துவிடும். அலுமினியம் கீறினாலோ, அது தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு சும்மா நிற்கும். வேலைக்கு அதுதான் நேரம்.

முதல் எதிரி உப்பு. பாகத்தை நல்ல தண்ணீரில் பிரஷர் வைத்துக் கழுவுங்கள். உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவுவதும் கழுவாததும் ஒன்றுதான். கிரீஸை பிளாஸ்டிங்குக்கு (காற்றழுத்தத்தில் கரடான துகளை அடித்துச் சுத்தம் செய்வது) முன்பே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிரிட், அதாவது அந்தத் துகள், அதை இரும்புக்குள் அடித்து ஏற்றும். கூரான விளிம்புகளை 2 மி.மீ. உருட்டாகத் தேயுங்கள்; பூச்சு முதலில் உரிவது அங்கேதான்.

அடுத்தது பிளாஸ்டிங். பாதிக்கும் மேற்பட்ட தோல்விகள் இங்கே விதைக்கப்படுகின்றன என்பதே எங்கள் கணிப்பு. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் போலத்தான் இதுவும்: அடிப்பூச்சு சரியில்லாமல் மேலே எவ்வளவு தேய்த்தாலும் கண்ணாடிப் பளபளப்பு வராது. முனை கூர்மையான பிரவுன் அலுமினா அல்லது ஸ்டீல் கிரிட், 16 முதல் 24 மெஷ், நாசிலில் 7 பார் காற்று. உருண்டை ஷாட் வேண்டாம். அது இரும்பைத் தட்டுமே தவிரப் பல் வெட்டாது. பூச்சு கடித்துப் பிடிக்க 75 முதல் 100 மைக்ரான் ஆழமான பல் தேவை. தரம் எஸ்.ஏ. 3, அதாவது கறையே இல்லாத வெள்ளை இரும்பு. ஆற்று மணலை வைத்து அடிக்கவே கூடாது. அதன் சிலிக்கா தூசு நுரையீரலைத் தின்றுவிடும். கம்பிரஸர் காற்றை ஒரு நிமிடம் வெள்ளைத் துணியில் அடித்துப் பாருங்கள்: எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் வேலையை நிறுத்தி ஃபில்டரை மாற்றுங்கள்.

அடித்து முடித்ததும் துரு அரித்த குழிகளின் அடியைக் கைலென்ஸால் பாருங்கள். சற்று நேரத்தில் அங்கே கடுகளவு கருப்புப் புள்ளி முளைத்தால் உள்ளே உப்பு இருக்கிறது. மறுபடி கழுவி, காயவைத்து, மறுபடி அடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

அதன் பிறகு 4 மணி நேரத்துக்குள் ஸ்ப்ரே. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே, இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் சூடு) 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். விடிகாலைப் பனி காயும் முன் தொடங்காதீர்கள். 1.6 மி.மீ. அலுமினியக் கம்பிக்கு 28–32 வோல்ட், சுமார் 200 ஆம்பியர். கன் 15–20 செ.மீ. தள்ளி, நேர்குத்தாக. தூரம் கூடினால் துளிகள் வழியிலேயே ஆறி, தூளாக ஒட்டும்; விரலால் தேய்த்தாலே வந்துவிடும். முதல் சுற்று நெடுக்கு, அடுத்தது குறுக்கு, பாதி பாதி மேலேறும்படி; மொத்தம் 250 மைக்ரான். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ கம்பி பிடிக்கும்.

கூடவே ஒரு மெல்லிய தகட்டுத் துண்டுக்கும் பூசி, 13 மி.மீ. உருளையில் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு பரவாயில்லை; கத்தி நுனியில் செதிலாகக் கிளம்பினால் பாகத்தையும் நம்பாதீர்கள்.

பூச்சில் நுண்துளைகள் இருக்கும். அன்றைக்கே நீர்த்த எபாக்ஸி சீலர் அடித்து அவற்றை மூடுங்கள். சீலர் உள்ளே இறங்க வேண்டும், மேலே தடித்து நிற்கக் கூடாது. அலுமினியத்தின் மேல் கெட்டியான பெயிண்ட் ஏற்றினால், அடியில் உப்புநீர் தேங்கி அரிப்பு வேகமாகும். செம்பு கலந்த பாசித்தடுப்பு பெயிண்டும் ஆகாது. ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்தால் நைலான் வாஷர் கொடுங்கள்.

மணல் கலந்த நீர் அறையும் பம்ப் இம்பெல்லருக்கு அலுமினியம் தாங்காது, அது மென்மை. அங்கே ஹெச்.வி.ஓ.எஃப். (தூளை எரிவாயுச் சுடரில் அதிவேகமாக அடித்துப் பூசுவது) முறையில் டங்ஸ்டன் கார்பைடு கேளுங்கள். வெண்கல புரொப்பல்லரை அப்படியே விட்டு, ஷாஃப்டில் துத்தநாக ஆனோடு, அதாவது தான் கரைந்து மற்றதைக் காக்கும் துண்டு, மாட்டுங்கள். பட்டறைத் தரையில் விழும் அலுமினியத் தூளை நனைக்காமல் கூட்டி அள்ளுங்கள். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும், தீப்பொறி ஒன்று போதும்.