நண்பர்களோடு மீண்டும் நாட்டுப்புற நடை: தொடங்குவதற்கும் தொடர்வதற்கும் சில வழிகள்

நாட்டுப்புறப் பாதைகளில் நண்பர்களோடு நடப்பதை ஒரு காலத்தில் விரும்பிச் செய்தவர்கள் பலர் இன்று அதை விட்டுவிட்டார்கள். கேட்டால் நேரமில்லை என்பார்கள். அது உண்மைதான் என்றாலும், மீண்டும் தொடங்கிப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை வராமல் போவதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ந்து போகிறோமே என்ற ஆர்வத்தில் முதல் நடையையே மிக நீண்ட நடையாக வைத்துவிடுகிறார்கள். பாதி வழி தாண்டியதும் ஒருவருக்குக் கால் வலிக்கிறது, இன்னொருவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறார், பேச்சு நின்றுபோகிறது, மீதித் தூரம் வெறும் கடமையாகக் கழிகிறது. ஆகவே தூரத்தை முடிவு செய்துவிட்டு அதற்கு நேரம் தேடுவதை விட்டு, முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். மூன்று மணி நேரம் பாதையில் இருப்போம் என்று பேசி வைத்துக்கொண்டு, அதற்குள் நிதானமாக எவ்வளவு அடங்குமோ அவ்வளவு தூரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இதற்கு ஒரு பழைய கணக்கு உதவும். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் வகுத்த விதி அது: ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறவேண்டிய ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இந்தக் கணக்கின்படி 300 மீட்டர் ஏற்றமுள்ள 9 கிலோமீட்டர் பாதையை இரண்டே கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் இது நல்ல உடல்வாகு உள்ளவர் எங்கும் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. நின்று பேசி, வேலியோரப் பூவைப் பார்த்து, தண்ணீர் குடித்துப் போகிற குழுவுக்கு அதோடு பாதியைக் கூட்டி மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நேர்மையானது. சமதளத்தில் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் வராது.

யாரை அழைப்பது என்பதிலும் சற்று யோசனை தேவை. மூன்று பேர் முதல் ஐந்து பேர் வரை என்பது என் கணிப்பில் சரியான அளவு. ஆறு பேரைத் தாண்டினால் குழு தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். ஒற்றையடிப் பாதையில் முன்னால் செல்பவர் சொன்னது பின்னால் வருபவருக்குக் கேட்காது. அழைப்பும் தெளிவாக இருக்கட்டும். “ஒருநாள் போகலாம்” என்ற செய்திக்கு எல்லோரும் உற்சாகமாகச் சம்மதம் சொல்வார்கள், யாரும் வரமாட்டார்கள். நாள், புறப்படும் நேரம், திரும்பும் நேரம், பாதையின் தன்மை ஆகிய நான்கையும் சொல்லி அழைப்பதே நல்லது. திரும்பும் நேரத்தைச் சொல்வது முக்கியம். குழந்தைகளோ வயதான பெற்றோரோ வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு தகவலைக் கொண்டுதான் வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும்.

வேகம் என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் தடுமாறுகின்றன. வேகமாக நடப்பவர்கள் முன்னே போய் ஒரு திருப்பத்தில் காத்திருப்பார்கள். பின்தங்கியவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் “வந்துவிட்டாயா, போகலாம்” என்று உடனே கிளம்புவார்கள். அதாவது ஓய்வு தேவையில்லாதவர்களுக்கெல்லாம் ஓய்வு கிடைத்துவிடுகிறது, தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. இப்படி மூன்று முறை நடந்தால் அவர் அடுத்த நடைக்கு ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவார். கடைசியாக வந்தவர் தண்ணீர் குடித்து, மூச்சு சீராகி, அவரே புறப்படலாம் என்று சொன்ன பிறகுதான் குழு நகர வேண்டும். மெதுவாக நடப்பவரை முன்னாலோ இரண்டாவதாகவோ விடுவதும், பாதை தெரிந்தவர் ஒருவர் கடைசியில் வருவதும் இன்னும் எளிய வழி. வேகம் சரியாக இருக்கிறதா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம்: ஏற்றத்தில் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரி; சொல்லுக்குச் சொல் நின்று பேச வேண்டியிருந்தால் குறைக்க வேண்டும்.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது, புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேரும் வழி கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். போன வழியிலேயே திரும்புவதாக இருந்தால், எந்த இடம் வரை என்பதைக் காட்டிலும் எந்த நேரத்தில் திரும்புவது என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு, அந்த நேரம் வந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். வரைபடத்தை முந்தைய நாளே கைப்பேசியில் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் அதற்குக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. வழி பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் விட்டுவிட்டால் மற்றவர்கள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடலாம். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதை மட்டும் எவ்வளவு சிறிய நடையிலும் விடக் கூடாது.

பாதங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும், ஏனெனில் நடை கெட்டுப்போவதற்குக் கொப்புளத்தைப் போல வேறெதுவும் காரணமாவதில்லை. தோலும் காலுறையும் ஈரத்தோடு திரும்பத் திரும்ப உரசுவதால்தான் கொப்புளம் உண்டாகிறது. பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை விரைவில் உலரும். புதுக் காலணியை நடை நாளன்று முதன்முதலாக அணிய வேண்டாம். அதற்கு முன் சில நாள்கள் வீட்டிலும் தெருவிலும் போட்டுப் பழக்குங்கள். குதிகாலில் ஓரிடம் சூடாக, லேசாக எரிவதுபோலத் தோன்றினால் அதுதான் எச்சரிக்கை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, காலணியையும் காலுறையையும் கழற்றி, மணல் துகள் ஏதேனும் இருந்தால் தட்டிவிட்டு, ஈரத்தைத் துடைத்து, சிவந்த இடத்தின் மேல் மடிப்பில்லாமல் மருத்துவ ஒட்டுப்பட்டை ஒட்டுங்கள். மூன்று நிமிட வேலை. மற்றவர்களைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சத்தில் பொறுத்துக்கொண்டு நடப்பவர், ஒரு மணி நேரம் கழித்து எல்லோரையும் இன்னும் நெடுநேரம் காக்க வைப்பார்.

மற்றபடி சுமக்க வேண்டியவை குறைவுதான். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் வீதம், வெயில் காலத்தில் அதைவிடக் கூடுதலாக, கொறிக்க ஏதாவது, மழைக்கோ குளிருக்கோ ஒரு மேலுடை, சிறிய கைவிளக்கு, ஒட்டுப்பட்டை, ஒரு விசில். நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மீண்டும் ஊதுவது மலைநடையாளர்களிடையே பரவலாக அறியப்பட்ட ஆபத்துக் குறி.

பேச்சைத் திட்டமிட வேண்டியதில்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் வராத விஷயங்கள், தோளோடு தோளாக, இருவர் பார்வையும் பாதையில் இருக்கும்போது எளிதாக வரும். இடையில் விழும் மௌனத்தை நிரப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. குழுவில் ஒரே இருவர் கடைசி வரை ஒட்டிக்கொண்டு நடக்காமல், ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் இணைகள் மாறும்படி பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு பத்து நிமிடம் யாரும் பேசாமல் நடப்போம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் சிரிப்புதான் வரும். அதன் பிறகு பறவைக் குரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும்.

வேடிக்கை பார்ப்பதற்காக நிற்பதை நேர விரயமாக எண்ணாதீர்கள். நடையின் பெரும்பங்கு இன்பம் அதில்தான் இருக்கிறது. வறண்ட, மெல்லிய மணல் சேர்ந்திருக்கும் இடங்களில், மழை நனைக்காத பாறை ஓரங்களில், புனல் வடிவில் சிறு குழிகள் தென்படலாம். அவை குழியானையின் வேலை. பின்னோக்கிச் சுழன்று மணலைத் தோண்டி அடியில் புதைந்து கிடக்கும் அந்தப் புழு, எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்ததும் கீழிருந்து மணலை வாரி எறியும். சரிவு இடிந்து எறும்பு நேராக அதன் கொடுக்குகளுக்குள் வந்து விழும். தும்பியை நினைவூட்டும் மெல்லிய சிறகுகளுடைய பூச்சியாக அது பின்னாளில் மாறும் என்று சொன்னால், குழுவில் ஒருவராவது நம்ப மறுப்பார். மழை பெய்து காய்ந்த சேற்றுப் பாதையில் காலடித் தடங்களைப் படிக்கலாம்: நாயின் தடத்தில் விரல் நுனிகளுக்கு முன்னால் நகக்குறி பதிந்திருக்கும், பூனை நகங்களை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் அதன் தடத்தில் பொதுவாக அந்தக் குறி இருக்காது.

பாதை பிறருடைய நிலத்தின் ஊடாகச் செல்லும் இடங்களில் உரியவரிடம் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். பயிருக்குள் இறங்காமல் வரப்போரமாகவே நடக்க வேண்டும். திறந்திருந்த படலைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்லுங்கள். திறந்து வைத்ததற்கு மந்தையைத் தண்ணீருக்கு விடுவது போன்ற காரணம் இருக்கலாம். பசுவுக்கும் கன்றுக்கும் இடையில் புகுந்து போகாதீர்கள். குரைத்து வரும் நாயைக் கண்டு ஓடாமல், அதன் கண்களை உற்றுப் பார்க்காமல், மெல்லப் பின்வாங்குங்கள். நடைமேடை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள்.

ஒளியும் வானிலையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவை. சூரியன் வானில் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தெரிகிறது. நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். ஆகவே பூமத்திய ரேகைப் பகுதிகளில், சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழிறங்குவதால், அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையில் ஒரு முட்டி இடைவெளி இருந்தால் மறைவதற்குச் சுமார் 40 நிமிடமே இருக்கிறது; அதன் பிறகு இருட்டும் விரைவாகவே வரும். துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லச் சாய்வாக இறங்குவதால் நேரம் கூடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் தனி மரத்தையும் திறந்த மேட்டையும் விட்டு விலகிக் கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ சென்று, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். புதரும் கல்குவியலும் உள்ள இடங்களில் கால் வைக்குமிடத்தைப் பார்த்து நடங்கள். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்த நடைக்கான நாளைக் கலைந்து போவதற்கு முன்பே, எல்லோரும் காலணியின் சேற்றைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே, முடிவு செய்துவிடுங்கள். வீடு போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பேச்சு குழுச் செய்திகளுக்கிடையே காணாமல் போய்விடும். மாதம் ஒரு முறை, குறிப்பிட்ட வாரத்தின் குறிப்பிட்ட கிழமை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஐந்து பேரின் நாள்காட்டியைப் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. பாதையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முறை வைத்து ஒவ்வொருவருக்கும் போகட்டும். இருவர் மட்டுமே வர முடிந்த மாதத்திலும் நடையை ரத்து செய்யாதீர்கள். வர முடியாதவர்களுக்காக ஒத்தி வைக்கத் தொடங்கினால், பழையபடி அது நின்றுபோக அதிக நாளாகாது.