பேச்சுச் சிகிச்சைக்கு முதன்முறை செல்லும் முன்

குழந்தையின் முதல் பேச்சுச் சிகிச்சைச் சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே, அது தானாகச் சொல்லும் சொற்களை எல்லா மொழிகளிலும் குறித்து வையுங்கள். பாட்டியிடம் ‘தண்ணி’ என்றும் பணிப்பெண்ணிடம் ‘வாட்டர்’ என்றும் கேட்கும் குழந்தைக்கு அவை இரண்டு சொற்கள். ‘ண்ணி’ என்று அரைகுறையாக ஒலித்தாலும், அதே பொருளுக்கு அதே ஒலியைத் தொடர்ந்து பயன்படுத்துமானால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புதிய அறையில் வாயே திறக்காத குழந்தைகள் உண்டு என்பதால், சாப்பிடும்போதோ விளையாடும்போதோ, ‘சொல்லு, சொல்லு’ என்று தூண்டாமல் கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளி, பெற்றோரின் நீண்ட விளக்கத்தைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து. சுகாதாரக் கையேடு, பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம், செவித்திறன் சோதனை முடிவு ஆகியவற்றை முந்தைய இரவே பையில் வைத்துவிடுங்கள்.

சந்திப்பு நேரம் குழந்தையின் பகல் தூக்கத்தோடு மோதினால், தயங்காமல் வேறு நேரம் கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசுவதால் பேச்சுத் தாமதம் ஏற்படுவதில்லை. ஆகவே, உறவினர் எவரேனும் அறிவுறுத்தினார் என்பதற்காகச் சந்திப்புக்கு முன் அவசரமாக ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள்.